பிழையாப் போட்ட விமான டிக்கட்: காசை எப்பிடித் திருப்பி எடுக்கிறது?

உப்புவெளி:
திகதி மாறினது, ஊர் மாறினது, ஒரே டிக்கட் ரெண்டு தரம் விழுந்தது எண்டு இங்க அடிக்கடி கேள்வி வருது. எல்லாத்தையும் ஒரு இழையில போட்டு வைப்பம். தெரிஞ்ச ஆக்கள் திருத்துங்கோ, கூட்டுங்கோ.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். பிழையைக் கண்ட உடன 'கான்சல்' பொத்தானை அமத்தாதேங்கோ. எந்த விதியில எவ்வளவு காசு வரும் எண்டு தெரியாம அமத்தினா சீட்டும் போயிடும், காசும் போயிடும். அமத்த முதல் மூண்டு விஷயம் தெரியவேணும்: டிக்கட்டை வெளியிட்டது ஆர், எத்தனை மணிக்கு, இப்ப அது என்ன நிலையில இருக்கு.

நிலை எண்டதை விளங்கப்படுத்திறன். ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்திட்டா டிக்கட் வந்திட்டுது எண்டு அர்த்தமில்லை, அது சீட்டைப் பிடிச்சு வைச்சதுக்கான குறியீடு மட்டும்தான். டிக்கட்டுக்கு 13 இலக்க எண் இருக்கும். முதல் மூண்டு இலக்கமும் கம்பனியைச் சொல்லும்: 603 ஸ்ரீலங்கன், 176 எமிரேட்ஸ், 157 கட்டார், 098 ஏர் இந்தியா. இந்த எண் இன்னும் வரேல்லை எண்டா டிக்கட் வெளியாகேல்லை. வங்கிக் காட்டில குறைஞ்சது போலத் தெரியிற காசும் அநேகமா தடுத்து வைச்ச காசுதான். அந்த நேரம் ரீஃபண்ட் கேக்கத் தேவையில்லை, "டிக்கட் வெளியிடாதேங்கோ, புக்கிங்கை விட்டுவிடுங்கோ" எண்டு சொன்னாப் போதும். மலிவு விலைக் கம்பனிகள் சிலதில மட்டும் 13 இலக்கமே இல்லை, காசு கட்டின உடன பிஎன்ஆர்தான் டிக்கட். அதுகளில இந்த இடைவெளி கிடைக்காது.

ஆர் வெளியிட்டது எண்டு பாக்க வங்கி அனுப்பின எஸ்எம்எஸ்ஸில எந்தப் பேரில காசு போனது எண்டு பாருங்கோ.

கிண்ணியா நானா:
கடைசி வரியில ஒரு திருத்தம். சில இணைய ஏஜென்ட் தளங்கள் உங்கட காட் விபரத்தை அப்படியே விமானக் கம்பனிக்குக் குடுத்துடும். எஸ்எம்எஸ்ஸில கம்பனி பேர் வரும், ஆனா டிக்கட் ஏஜென்ட்ட கையில இருக்கும். அதால உறுதிப்படுத்தின மின்னஞ்சலை அனுப்பினது யாரெண்டு பாருங்க. ஏஜென்ட் போட்ட டிக்கட்டுக்குக் கம்பனிக்கு எத்தன தரம் போன் எடுத்தாலும் "ஏஜென்ட்டிட்ட போங்க" எண்ட ஒரே பதில்தான் வரும்.

கடையில போட்ட டிக்கட் பத்தி நான் எழுதுறன், ஏனெண்டா அங்கதான் முழுக் காசையும் காப்பாத்த நல்ல வழி ஒண்டு இருக்கு. ரீஃபண்ட் வேற, வொய்ட் வேற. ஐஆட்டா (சர்வதேச விமானக் கம்பனிகள்ட சங்கம்) உரிமம் உள்ள ஏஜென்சி ஒண்டு வெளியிட்ட டிக்கட்ட பொதுவா அதே நாள், அந்த நாட்டு நேரம் நள்ளிரவுக்கு முதல் வொய்ட் பண்ணலாம். வொய்ட் பண்ணினா அந்த டிக்கட் கணக்குக்கே போகாது. கம்பனி தண்டம் ஒண்டும் வெட்டாது. ஏஜென்சி தன்ட சேவைக் கட்டணத்த மட்டும் எடுக்கும். நள்ளிரவு தாண்டினா அதே டிக்கட்டுக்கு ரீஃபண்ட் விண்ணப்பம் போடணும், டிக்கட்ட விதிப்படி தண்டமும் வெட்டும்.

எங்கட ஊர்ல இதில ஒரு சிக்கல் இருக்கு. திருகோணமலை டவுன்ல, கிண்ணியாவில, மூதூர்ல இருக்கிற கடைகள் எல்லாம் ஐஆட்டா உரிமம் உள்ளதில்ல. பல கடைகள் கொழும்பு ஏஜென்சிக்குக் கீழ வேல செய்ற துணை ஏஜென்ட். கடைக்காரர் உங்களுக்கு முன்னால இருந்து டிக்கட் போட்டாலும் வெளியிடுறது கொழும்பு. அங்க டிக்கட் பிரிவு பின்னேரம் மூடிட்டா நள்ளிரவு வரைக்கும் நேரம் இருந்தும் வொய்ட் பண்ண ஆளில்ல. அதால பின்னேரம் டிக்கட் எடுத்தா கடைய விட்டு இறங்க முதல் திகதி, பேர், ஊர் மூணையும் வாசிச்சுப் பாருங்க. பிழை கண்டா போன் எடுத்துக் கேக்க வேண்டிய சொல் "கான்சல்" இல்ல, "இண்டைக்கே வொய்ட் பண்ணுங்க".

வொய்ட் பண்ணினதா சொன்னாலும் சீட்டையும் சேத்து விட்டுட்டாங்களா எண்டு கேளுங்க. டிக்கட் மட்டும் வொய்ட் ஆகி சீட்டு கம்பனி சிஸ்டத்தில நிண்டா, பிறகு கம்பனி ஏஜென்சிக்கு ஏடிஎம் (ஏஜென்சி டெபிட் மெமோ, வங்கி மெசின் இல்ல) எண்டு காசு கேட்டு ஒரு குறிப்பு அனுப்பும். சில கடைக்காரர் வொய்ட் எண்ட உடன பின்வாங்குறதுக்குக் காரணம் அந்த ஏடிஎம் பயம்தான். நியாயமான பயம். அதுக்காக உங்கட காச விடத் தேவயில்ல.

நிலாவெளி:
நானா சொன்ன நள்ளிரவுக் கணக்கும், போட்டு 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்துச் செய்யலாம் என்று எல்லாரும் சொல்லும் "24 மணி நேர விதி"யும் ஒன்றல்ல. இந்த 24 மணி நேரத்தை உலகம் முழுதுக்கும் பொதுவான சட்டம் என்று நம்பித்தான் பலர் காசை இழக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது சட்டம். புறப்பட 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது கம்பனியிடம் நேரடியாகப் போட்டிருந்தால், கம்பனி 24 மணி நேரம் காசு வாங்காமல் அதே விலையில் சீட்டைப் பிடித்து வைக்க வேண்டும், அல்லது 24 மணி நேரத்துக்குள் தண்டமில்லாமல் ரத்துச் செய்ய விட வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கட்டாயம். ஏஜென்ட் தளங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது.

இந்தியாவில் டிஜிசிஏ (அங்கே விமானத்துறையைக் கண்காணிக்கும் அரச அமைப்பு) விதி. பல வருடமாக இருந்த வடிவம்: கம்பனியின் சொந்தத் தளத்தில் போட்டு, புறப்பட 7 நாளுக்குக் குறையாமல் இருந்தால், 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்துச் செய்யலாம் அல்லது மாற்றலாம். மாற்றினால் விலை வித்தியாசம் கட்ட வேண்டும். 2025 நவம்பரில் இதை 48 மணியாக்கி, சர்வதேசப் பயணத்துக்கு 7 நாளை 15 நாளாக்கும் வரைவு வந்தது. அதனால் சென்னைக்கோ திருச்சிக்கோ போடும் அன்று அந்தக் கம்பனியின் தளத்தில் எந்த மணிக்கணக்கு எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இப்படியொரு பொது விதி இல்லை. பிரித்தானியாவிலும் இல்லை. அங்கே இணையத்தில் வாங்கும் பொருளுக்கு 14 நாளுக்குள் மனம் மாறலாம் என்ற சட்டம் இருக்கிறது, ஆனால் பயணிகள் போக்குவரத்துக்கு அது பொருந்தாது. லண்டனில் இருந்து அம்மா அப்பாவுக்கு டிக்கட் போடும் பிள்ளைகள் அந்த 14 நாளை நம்பி இருந்துவிடுகிறார்கள். கனடாவில் பல கம்பனிகள் 24 மணி நேரத்தைத் தாங்களாகவே தருகின்றன. எது தாங்களாகத் தருவதோ, அதன் நிபந்தனையும் அவர்கள் வைப்பதுதான். பதிவு செய்த பக்கத்திலேயே அதைப் படம் பிடித்து வையுங்கள்.

மணிக்கணக்கு பொதுவாகப் புக்கிங் செய்த நேரத்தில் இருந்து ஓடும். மின்னஞ்சலில் உள்ள நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்.

சம்பூர்:
நாலு பேருக்கு ஒரே புக்கிங், அதில ஒராளுக்கு மட்டும் திகதி வேற வரவேணும். தளத்தில கான்சல் குடுத்தா ஆளைத் தெரிவு செய்ய விடுதில்லை. என்ன செய்யலாம்?

உப்புவெளி:
தம்பி, அமத்தாதேங்கோ. சில தளங்களில அந்தப் பொத்தான் நாலு பேரையும் சேத்துத்தான் ரத்துச் செய்யும். கம்பனிக்கு எடுத்து "பிஎன்ஆரைப் பிரிச்சுத் தாங்கோ" எண்டு கேளுங்கோ. அந்த ஒராளை வேற குறியீட்டுக்கு மாத்தித் தருவினம், மற்ற மூண்டு பேரும் பழைய குறியீட்டில இருப்பினம். புதுக் குறியீட்டைத் தளத்தில போட்டு ஒராள்தான் தெரியிறார் எண்டு பாத்த பிறகுதான் மாத்திறதோ ரத்துச் செய்யிறதோ. பிரிக்கேக்க சீட் தெரிவு, மேலதிகப் பொதி எல்லாம் விட்டுப்போகும், அதையும் சரிபாருங்கோ. சின்னப் பிள்ளையைத் தனியப் பிரிக்க விடமாட்டினம், பெரியாள் ஒருத்தரோட சேத்துத்தான் பிரிக்கலாம்.

தம்பலகாமம்:
பிழைகளில எங்கட பக்கம் நிறைய நடக்கிறது நள்ளிரவுத் திகதி. கட்டுநாயக்கவில இருந்து 00.35க்கு 15ஆம் திகதி விமானம் எண்டா அது 14ஆம் திகதி இரவு. திருகோணமலையில இருந்து கட்டுநாயக்கவுக்கு ஹபரணை, தம்புள்ள, குருநாகல் வழியா 6 மணித்தியாலமாவது வேணும். கவுண்டருக்கு 3 மணித்தியாலம் முன்னால நிக்கவேணும். அப்ப 14ஆம் திகதி மத்தியானம் 3 மணிக்கு முதல் வீட்டில இருந்து வெளிக்கிட்டிருக்கவேணும். 15ஆம் திகதி பகல் வான் பிடிச்சவருக்கு விமானம் போய் அரை நாளாகியிருக்கும். வான்காரரிட்டச் சொல்லேக்க திகதியைச் சொல்லாம "14 வியாழன் இரவு" எண்டு கிழமையோட சொல்லுங்கோ.

இன்னொண்டு, அமெரிக்கப் பழக்கத்தில ஓடுற தளங்களில 05/06 எண்டா மே 6. நாங்கள் ஜூன் 5 எண்டு வாசிப்பம். மாதத்தைச் சொல்லால எழுதிக் காட்டுற இடத்தில பாத்துத்தான் காசு கட்டவேணும்.

ஊர்க் குறியீடும் கவனம். டிஆர்இசட் திருச்சி, டிஆர்வி திருவனந்தபுரம், டிஆர்ஆர் எங்கட திருகோணமலை சீனக்குடா. யாழ்ப்பாணம் பலாலி ஜேஏஎஃப், கட்டுநாயக்க சிஎம்பி. போறது பலாலியால, வாறது கட்டுநாயக்கவுக்கு எண்டு விலை குறைவாக் காட்டினதைப் பாத்துப் போட்டிட்டு, காரைப் பலாலியில விட்டிட்டுப் போக நினைச்சா கஷ்டம்.

நிலாவெளி:
ரத்தா, மாற்றமா என்று முடிவெடுக்க முன் விலைப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மின்னஞ்சலின் அடியில் இருக்கும், பலர் அதுவரை இறங்கிப் போவதில்லை. உதாரணத்துக்கு ஒரு டிக்கட் 92,000 ரூபா என்று வைப்போம். அடிப்படைக் கட்டணம் 51,000. வைக்யூ அல்லது வைஆர் என்ற குறியோடு 18,000. மிச்சம் 23,000 பல சிறு குறிகளோடு அரச வரியும் விமான நிலையக் கட்டணமும்.

'நொன் ரீஃபண்டபிள்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் போவது முதல் இரண்டும், அதாவது 69,000. வைக்யூ, வரிப் பட்டியலுக்குள்ளேயே அச்சாகி இருந்தாலும் அது கம்பனி தனக்கு எடுக்கும் மேலதிகக் கட்டணம். வரி என்று நினைத்து அதைக் கேட்டுச் சண்டை பிடிப்பதில் நேரம் போகும். மூன்றாவது 23,000 நீங்கள் பறந்தால் மட்டும் அரசுக்கும் விமான நிலையத்துக்கும் போக வேண்டிய காசு. பறக்காவிட்டால் அதைத் திருப்பிக் கேளுங்கள். இந்திய விதி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: திருப்பித் தராத சலுகை டிக்கட்டாக இருந்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் மேலதிகத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது.

இதே டிக்கட்டில் திகதி மாற்ற 15,000, விலை வித்தியாசம் 6,000 என்றால் 21,000 ரூபாவோடு பிழை திருந்திவிடும். ரத்துச் செய்து புதிதாகப் போட்டால் 69,000 போய், புது விலையும் கட்ட வேண்டும். போகத்தான் போகிறோம், திகதி மட்டும்தான் பிழை என்றால் மாற்றம்தான் மலிவு.

போகவரப் போட்ட டிக்கட்டில் ஒரு வழியை மட்டும் ரத்துச் செய்தால் பாதிக் காசு வரும் என்று எண்ணவேண்டாம். பறக்கும் வழியைத் தனி வழி விலையில் மீண்டும் கணக்கிடுவார்கள், கைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். முதல் வழிக்குப் போகாமல் விட்டால் திரும்பும் வழி தானாக ரத்தாகும். எந்த முடிவானாலும் விமானம் புறப்பட முன் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் 'நோ ஷோ' தண்டம் வேறாக ஏறும்.

சீட் தெரிவும் பொதியும் பலவேளை ஈஎம்டி என்ற வேறு எண்ணில் இருக்கும். டிக்கட்டுக்கு மட்டும் விண்ணப்பித்தால் அந்தக் காசு அப்படியே நின்றுவிடும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

சம்பூர்:
பயணத்துக்கு நாலு மாதம் இருக்கெண்டா, கம்பனி நேரத்தை மாத்தும் வரைக்கும் பொறுத்திருந்தா முழுக் காசும் வரும் எண்டு சொல்லினம். உண்மையா?

உப்புவெளி:
உண்மைதான், பொறுக்கிறதும் நல்ல யோசனைதான். கம்பனி தானா விமானத்தை ரத்துச் செய்தா, இல்லாட்டி நேரத்தை நிறைய மாத்தினா, நொன் ரீஃபண்டபிள் எண்ட சொல் செல்லாது. அமெரிக்காவுக்கு வாற போற விமானத்துக்கு 2024இல வந்த விதி, சர்வதேசப் பயணத்தில 6 மணித்தியாலமோ அதுக்கு மேலயோ மாறினா, பயணி மாற்றத்தை ஏற்காட்டி முழுக் காசும் எண்டு சொல்லுது. ஐரோப்பிய ஒன்றியத்தில இருந்து புறப்படுற விமானத்தைக் கம்பனி ரத்துச் செய்தா 7 நாளுக்குள்ள காசு தரவேணும்.

கிண்ணியா நானா:
நான் இதுக்கு ஒத்துக்கமாட்டன். கொழும்பு–சென்னை போல ஒரு மணித்தியாலச் சொச்சப் பறப்பில நேரம் அரை மணி மாறும், அது ஒண்டுக்கும் உதவாது. பொறுத்திருக்கிற நேரத்தில மாற்றக் கட்டணம் கூடும். சில டிக்கட்டுக்குப் புறப்பட 3 நாளுக்கு முதல் ஒரு தொகை, அதுக்குப் பிறகு வேற தொகை. விலை வித்தியாசமும் ஏறும். இப்ப மாத்தினா எவ்வளவு எண்டு எழுதி வச்சுட்டு, தண்டம் கூடுற திகதிக்கு ஒரு கிழமைக்கு முதல் முடிவெடுக்கிறதெண்டா சரி. கடைசி நாள் வரைக்கும் பொறுக்கச் சொல்லி யாருக்கும் சொல்லாதீங்க.

உப்புவெளி:
சரி நானா, அந்த எல்லைத் திகதி முக்கியம்தான். நான் நினைச்சது தண்டம் எப்ப ரத்துச் செய்தாலும் ஒரே அளவா இருக்கிற டிக்கட்டை.

மூதூர்:
ரெண்டு தரம் காசு போன ஆக்களுக்கு. ஓடிபி போட்டாப் பிறகு பக்கம் சுத்திக்கொண்டே நிண்டா திரும்ப அமத்தாதீங்க. 15 நிமிஷம் பொறுத்து மின்னஞ்சலயும் எஸ்எம்எஸ்ஸயும் பாருங்க. ரெண்டு பிஎன்ஆர் வந்திட்டா அண்டைக்கே கம்பனிக்குச் சொல்லணும். ஒரே பேர், ஒரே விமானம் எண்டு கண்டா கம்பனி சிஸ்டம் இரட்டைப் புக்கிங் எண்டு தானா வெட்டும். நீங்க வச்சிருக்க நினைச்சது எது, சிஸ்டம் வெட்டுறது எது எண்டு உங்கட கையில இல்ல. "இந்தக் குறியீட்ட வச்சிருங்க, அந்தக் குறியீடு இரட்டை, ரீஃபண்ட் தாங்க" எண்டு எழுத்தில குடுங்க.

வங்கியிட்டப் போறதப் பத்தியும் சொல்றன். பிழையாப் போட்டன் எண்டது காட் தகராறுக்கு (காசத் திருப்பித் தரச் சொல்லி வங்கியிட்டக் கேக்கிறது) காரணமாகாது. தேவையில்லாமப் போட்டா வங்கி நிராகரிக்கும், ஏஜென்ட் தளம் கணக்கயும் மூடும். காரணமாகிறது இவை: ஒரே காசு ரெண்டு தரம் எடுத்தது, ரீஃபண்ட் தாறதா எழுத்தில ஒத்துக்கிட்டுத் தராதது, கம்பனி விமானத்த ரத்துச் செய்தும் காசு தராதது. விசா, மாஸ்டர்காட் ரெண்டிலயும் பொதுவா 120 நாள் எல்லை. "அடுத்த மாசம் வரும்" எண்ட மின்னஞ்சலுக்கு நாலு தரம் காத்திருந்தா அந்த எல்லை தாண்டிப் போயிடும்.

உள்ளூர்க் கடை காசத் தராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, போன் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில, சேவை பெற்று 3 மாசத்துக்குள்ள. ரசீதில அடிப்படைக் கட்டணம், வரி, கடைட சேவைக் கட்டணம் மூணும் பிரிச்சு எழுதியிருந்தாத்தான் பேசலாம், அதக் காசு கட்டுற நேரமே கேட்டு வாங்குங்க. வங்கியில பிரச்சின எண்டா முதல் வங்கிக்கு எழுத்தில, பதில் சரியில்லாட்டி மத்திய வங்கிட நிதியியல் நுகர்வோர் பிரிவு, போன் இலக்கம் 1935.

நிலாவெளி:
பெயர்ப் பிழை பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் பெயர்களில் அதுதான் கூட. கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் எல்கேஏ என்ற நாட்டுக் குறிக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர், << என்ற இரட்டைக் குறிக்குப் பிறகு வருவது மற்றப் பெயர்கள். டிக்கட்டில் அதை அப்படியே போடுங்கள். அப்பாவின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று யோசித்து மாற்றிப் போடும்போதுதான் பிழை வருகிறது.

முன்பின் மாறியிருந்தால், ஓரிரு எழுத்துப் பிழைத்திருந்தால் ரத்துச் செய்யத் தேவையில்லை. அதே ஆள்தான் என்று கடவுச்சீட்டுப் படத்தோடு கேட்டால் பல கம்பனிகள் இலவசமாகவோ சிறு கட்டணத்தோடோ திருத்தும். இந்தியக் கம்பனியின் தளத்தில் போட்டு 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணம் எடுக்கக்கூடாது என்பது டிஜிசிஏ விதி. இரண்டு கம்பனி விமானங்கள் சேர்ந்த டிக்கட் என்றால் திருத்தம் கடினம், அதை வொய்ட் நேரத்துக்குள்ளேயே பிடிக்க வேண்டும். ஆளையே மாற்றுவது, அக்காவின் டிக்கட்டைத் தங்கைக்கு என்பது, பொதுவாக நடக்காது.

தம்பலகாமம்:
கம்பனி போன் இலக்கத்தைக் கூகிளில தேடி முதல்ல வாறதுக்கு எடுக்காதேங்கோ. போலி 'கஸ்டமர் கேர்' இலக்கங்கள் அங்க நிறைய. ரீஃபண்ட் தாறதுக்கு ஓடிபி கேட்டா, போனில எனிடெஸ்க் (தூரத்தில இருந்து உங்கட போனை இயக்க விடுற செயலி) போடச் சொன்னா உடன வைச்சிடுங்கோ. காசு திருப்பி அனுப்ப ஓடிபி தேவையே இல்லை.

சம்பூர்:
விண்ணப்பம் போட்டாப் பிறகு காசு வந்ததா எண்டு எப்பிடிப் பாக்கிறது? "அனுப்பியாச்சு" எண்டு கம்பனி சொல்லுது, வங்கி "வரேல்லை" எண்டுது.

உப்புவெளி:
கம்பனியிட்ட ஏஆர்என் எண்ணைக் கேளுங்கோ. 23 இலக்கம். உண்மையா அனுப்பியிருந்தா அந்த எண் இருக்கும், அதைக் காட் பிரிவில குடுத்தா வங்கி தேடிப் பிடிக்கும். பிஎன்ஆரை வங்கியிட்டக் குடுத்துப் பிரயோசனமில்லை. காசு கட்டின காட் காலாவதியானாலும் ரீஃபண்ட் அந்தப் பழைய காட் எண்ணுக்குத்தான் போகும். புதுக் காட் எடுத்திருந்தா அதே வங்கியில சொல்லி வையுங்கோ. டொலரில கட்டினதெண்டா திரும்பி வாற நாளில இருக்கிற மாற்று விகிதம்தான், ரூபா கணக்குக் கொஞ்சம் கூடிக் குறையும்.

கம்பனிக்கு எழுதேக்க நீளமா எழுதத் தேவையில்லை. இவ்வளவு போதும்: "பிஎன்ஆர் இது. டிக்கட் எண் இது, ஈஎம்டி எண் இது. இன்ன திகதி இன்ன மணிக்கு (இலங்கை நேரம்) வெளியானது. பிழை: பயணத் திகதி. உங்கள் தளத்தில் உள்ள 24 மணி நேர நிபந்தனைப்படி ரத்துச் செய்து, காசு கட்டிய காட்டுக்கே முழுத் தொகையையும் திருப்பித் தரவும். பயண வவுச்சர் வேண்டாம். விண்ணப்ப இலக்கத்தைப் பதிலில் தரவும்." அந்த வவுச்சர் வரியை விடாதேங்கோ. சில தளங்களில வவுச்சர்தான் முன்கூட்டியே தெரிவு செய்தபடி இருக்கும், கவனிக்காம அமத்தினா காசாத் திருப்பி எடுக்கிறது பெரும்பாடு.